உடனே இறங்காதே

மிச்சிகன்
4.8.1991

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்ரீதர் எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

நான் வந்து மூன்று மாதம் ஓடிவிட்டது. கம்பெனி எட்டு மாதத்துக்கு அனுப்பியிருக்கிறது, இன்னும் ஐந்து பாக்கி. காலை ஆறு மணிக்கு ஷிப்ட். தகடு வெட்டுகிற பிரஸ் மெஷினின் இரும்பு அச்சைப் பிரிப்பது, தேய்ப்பது, மறுபடி மாட்டுவது. சிங்கப்பெருமாள் கோவில் கம்பெனியில் செய்ததைத்தான் இங்கேயும் செய்கிறேன், சத்தம் மட்டும் குறைவு. ரூமுக்கு வந்தால் பேச ஆளில்லை. சோறு பொங்கிச் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுப்பேன். எவ்வளவு தூங்கினாலும் அசதி மட்டும் போவதில்லை.

பக்கத்து பெஞ்சில் க்ளென் என்று ஒருத்தன், என் வயதுதான். இங்கே அக்டோபரில் மான் வேட்டை தொடங்குகிறது. துப்பாக்கிக்கு நவம்பர் பாதியில்தான் அனுமதி, அதுவரை வில் அம்பு மட்டும். சிரிக்காதே, நிஜமாகத்தான். ராமர் கையில் இருக்கிற மாதிரி இல்லை, இரண்டு முனையிலும் கப்பி வைத்த வில். க்ளெனுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி மரம் ஏற முடியாது. இந்த வருஷம் அவனுடைய மரத்தில் என்னை உட்காரச் சொல்கிறான். சாயங்காலங்களில் அவன் வீட்டுப் பின்னால் வைக்கோல் கட்டில் அம்பு விட்டுப் பழகுகிறேன். பொழுது போகிறது.

நம்ம தம்பி வசந்தகுமார் ஜூன் மாதத்திலிருந்து வேலைக்குப் போகவில்லை என்று எழுதியிருந்தாய். நான் கால் கையைப் பிடித்து எங்கள் கம்பெனியிலேயே வாங்கிக் கொடுத்த வேலை அது. அவனுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி ஒட்டி இதோடு வைத்திருக்கிறேன். நீ பிரிக்காதே, அவன் கையில் கொடு.

அன்புடன்,
ஸ்ரீதர்

*

பிள்ளைப்பாக்கம்
22.8.1991

அன்புத் தம்பி ஸ்ரீதருக்கு,

அக்கா சசிரேகாவின் ஆசீர்வாதம். அப்பாவும் நானும் ஏதோ இருக்கிறோம். முழங்கால் வலிக்கிறது, அதைப் பற்றி எழுதி ஸ்டாம்புக் காசைக் கெடுப்பானேன். கோதண்டராமன் என்று பேர் வைத்துக்கொண்டவர் இங்கே விறகுக் கட்டையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார், அவர் பிள்ளை சீமையில் வில் பிடிக்கிறான். அப்பாவிடம் படித்துக் காட்டினேன், லேசாகச் சிரித்தார். அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

உன் கடிதத்தைச் சனிக்கிழமை வசந்திடம் கொடுத்தேன். வாசல்படியில் நின்றே படித்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். சோறு போட்டேன், சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான். அவன் தட்டைக் கழுவி வைத்து நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் ஆள் இல்லை. சைக்கிளும் இல்லை. இன்றோடு ஐந்து நாள் ஆகிறது.

என்னடா எழுதினாய்?

வேலைக்குப் போகாததற்குக் காரணம் உனக்குத் தெரிந்திருக்கும். ஜூன் மாதம் அவன் கூட்டாளி மாரியின் கை பிரஸ்ஸில் மாட்டிக்கொண்டது. வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. அன்றைக்கு வசந்த் அடுத்த மெஷினில் நின்றிருந்தான். வீட்டுக்கு வந்து சட்டையைத் தானே துவைத்தான், என்னிடம் கொடுக்கவில்லை. கம்பெனியிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து அவனை வெளியே கூப்பிட்டுப் பேசிவிட்டுப் போனார்கள். என்ன பேசினார்கள் என்று சொல்ல மாட்டேன் என்றுவிட்டான்.

அப்பா ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கலாம் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. மே மாதம் நடந்ததற்கப்புறம் ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டாரத்தில் வயசுப் பையன் ஒருத்தனைக் காணோம் என்று போய்ச் சொன்னால் முதலில் வீட்டைத்தான் புரட்டுவார்கள். என்ன செய்யட்டும்? உடனே எழுது.

உன் அக்கா,
சசிரேகா

*

மிச்சிகன்
7.9.1991

அன்புள்ள அக்கா,

நலம்தான். உங்கள் இருவர் நினைவாகவே இருக்கிறேன்.

அண்ணன் தம்பிக்கு எழுதுவதைத்தான் எழுதினேன். கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது. ரோஷக்காரன், கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு வருவான். ஸ்டேஷனுக்கெல்லாம் போக வேண்டாம், நீ சொல்வதுதான் சரி.

க்ளென் ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்தான். துப்பாக்கிக் குண்டு பட்டால் மான் பெரும்பாலும் அங்கேயே விழும். அம்பு பட்டால் விழாது, ஓடும். அப்போது நாம் செய்யக்கூடாத காரியம் ஒன்றுதானாம், உடனே மரத்தைவிட்டு இறங்கி அதன் பின்னால் ஓடுவது. துரத்தினால் பயத்தில் மைல் கணக்கில் போய்விடும், கிடைக்காது. சும்மா விட்டால் பக்கத்திலேயே ஒரு புதரில் படுத்துக்கொள்ளும். அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். வயிற்றில் பட்டிருந்தால் எட்டு மணி நேரம்.

வசந்தும் அப்படித்தான். தேடிக்கொண்டு போனால் இன்னும் தூரம் போவான். யாரிடமும் விசாரிக்காதே, சொந்தக்காரர்களுக்கு எழுதாதே. காத்திரு. தானாக வருவான்.

பரண் கட்டப்போகிற மரத்தைப் பார்த்து வந்தோம். பரண் என்றால் நம்ம ஊர் மாதிரி கம்பு அடுக்கினது இல்லை. முறம் அளவுக்கு ஒரு இரும்புத் தட்டு, சங்கிலி போட்டு மரத்தோடு இறுக்குகிறார்கள். பதினைந்தடி உயரம். இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

ஸ்ரீதர்

*

பிள்ளைப்பாக்கம்
22.9.1991

தம்பிக்கு,

நீ சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே அதே நிலைமைதான்.

நீ சொன்னபடி யாரையும் கேட்கவில்லை. பால்வாடிக்குப் போகிறேன், பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுகிறேன், வருகிறேன். வழியெல்லாம் என்னைத்தான் கேட்கிறார்கள். "இன்னா டீச்சரம்மா, தம்பி வந்துச்சா?" வெளியூரில் வேலை என்று சொல்லிச் சொல்லி நாக்கு அலுத்துப்போயிற்று. அப்பாவுக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு பிடி எடுத்து மூடி வைக்கச் சொல்கிறார். காலையில் அது எருமைக்குப் போகிறது.

போன புதன்கிழமை மாரியின் அம்மா தாயாரம்மாள் ஒரகடத்திலிருந்து வந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"அந்த மிசினு முன்னால கை உள்ள போவாம கம்பி கார்டு ஒண்ணு இருந்துச்சாம்மா. அதை எம்புள்ளயே கழட்டிப் போட்டான்னு கம்பெனில எழுதி வச்சிகினு கீறாங்கோ. அவனே கழட்டினான்னா நஷ்ட ஈடு கெடையாதாம். அவனுக்கு ஸ்பானர் புடிக்கக்கூடத் தெரியாதும்மா. சாமான் தூக்கிப் போடற ஆளு."

டிசம்பர் இருபதாம் தேதி விசாரணையாம். இப்படிப் பேசினவள், ஊரே கேட்கிற வசந்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு அவள் கவலை.

அந்த லைன் மெஷின்களெல்லாம் நீ போகிற வரைக்கும் உன் பொறுப்பில்தானே இருந்தன? கார்டை யார் கழற்றியது, ஸ்ரீதர்? உனக்குத் தெரியாமல் ஒரு நட்டு கூட அங்கே நகராது என்று நீயே பெருமையாகச் சொல்வாய். தெரிந்தால் எழுது. அந்தப் பொம்பிளைக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும்.

உன் அக்கா,
சசிரேகா

*

மிச்சிகன்
6.10.1991

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. எனக்கு லேசாகச் சளி, மற்றபடி குறையில்லை. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. அப்பாவின் கம்பளியை வெயிலில் போட்டு எடுத்து வை.

ஒன்றாம் தேதி சீசன் தொடங்கியது. லைசென்ஸ் வாங்கிவிட்டேன். ஷிப்ட் முடிந்ததும் நேராகக் காட்டுக்குப் போகிறேன். நமக்கு மானின் கண்ணைவிட அதன் மூக்குத்தான் பெரிய எதிரியாம். அதனால் வாசனை சோப்புக் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது. நீ கொடுத்தனுப்பிய பருப்புப் பொடியைக்கூட ஒரு வாரமாகத் தொடவில்லை. பூண்டு வேர்வையில் வருகிறது என்று க்ளென் சொன்னான். கண்ணாடியில் பார்த்தால் தலை பரட்டையாக, யாரோ மாதிரி இருக்கிறேன்.

காற்று நம் முகத்துக்கு எதிரே வர வேண்டும். முதுகுப் பக்கமிருந்து அடித்தால் இறங்கி வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். இந்த மானுக்கு வண்டலூரில் பார்த்த மாதிரி புள்ளி கிடையாது. பழுப்பு நிறம். வாலைத் தூக்கினால் அடிப்பக்கம் பளிச்சென்று வெள்ளை. பயந்தால் அதைத் தூக்கி ஆட்டிக்கொண்டே ஓடும், மற்ற மான்களுக்கு அதுதான் எச்சரிக்கை. வியாழக்கிழமை இரண்டு வந்தன. இருபது கெஜத்துக்குள் வந்தால்தான் அம்பு விடலாம். அவை நாற்பதிலேயே நின்றுவிட்டன.

மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். கால் மரத்துப்போகும். ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது. மேலே ஏறி உட்கார்ந்துவிட்டால் யாரும் வந்து எதுவும் கேட்க மாட்டார்கள்.

அப்பாவுக்கு என் வணக்கம்.

ஸ்ரீதர்

*

பிள்ளைப்பாக்கம்
21.10.1991

ஸ்ரீதருக்கு,

சளிக்கு மிளகு போட்டு வெந்நீர் குடி. இங்கே மழை பிடித்துக்கொண்டது, அப்பாவுக்கு இருமல்.

நான் கார்டைப் பற்றிக் கேட்டேன். நீ மானின் வாலைப் பற்றி எழுதியிருக்கிறாய். உன் கடிதத்தை மூன்று தடவை புரட்டினேன், பின்பக்கம்கூடப் பார்த்தேன். மாரி என்ற பெயரே அதில் இல்லை. அம்மா இருந்தபோது நீ ஊறுகாய் ஜாடியை உடைத்துவிட்டு, அன்று முழுக்கப் பள்ளிக்கூடத்தில் நடந்ததையே பேசிக்கொண்டிருந்தாயே, அந்த ஞாபகம் வந்தது.

தீபாவளி ஐந்தாம் தேதி. வசந்துக்கு ஒரு சட்டை எடுத்திருக்கிறேன். எடுத்துவிட்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. களைத்துவிட்டேன் தம்பி. எழுதவும் கை வரவில்லை.

சசிரேகா

*

மிச்சிகன்
2.11.1991

அக்கா,

உன்னிடமிருந்து புதுக் கடிதம் இன்னும் வரவில்லை. எல்லோரும் நன்றாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

போன சனிக்கிழமை காலையில் ஒரு பெட்டை மான் மரத்தடிக்கே வந்தது. பதினைந்து கெஜம் இருக்கும். வில்லை இழுத்தேன். அம்பு விடுகிற நேரத்தில் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டது. நெஞ்சில் படவேண்டியது வயிற்றில் பட்டது. முதுகை வளைத்துக்கொண்டு மெதுவாக நடந்து போயிற்று, ஓடக்கூட இல்லை. போகும்போது ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்தது.

நான் இறங்கவில்லை. சொல்லிக் கொடுத்தபடி காத்திருந்தேன். அப்புறம் க்ளென் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன், சாயங்காலம்தான் தேட வேண்டும் என்றான். மதியம் மழை வந்தது. நான்கு மணிக்குப் போனால் இலையில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, எல்லாவற்றையும் மழை கழுவிவிட்டது. க்ளென் காலை இழுத்துக்கொண்டு கூடவே வந்தான். வெளிச்சம் இருக்கிறவரை தேடினோம். மறுநாளும் தேடினோம். திங்கட்கிழமை காக்காய்க் கூட்டத்தைப் பார்த்துப் போனேன்.

மரத்திலிருந்து இருநூறு கெஜம்கூட இல்லை, அக்கா. நாணல் நடுவே படுத்திருந்தது. சுற்றிலும் புல் அமுங்கிக் கிடந்தது. புரண்டு புரண்டு படுத்திருக்கிறது. சனிக்கிழமை முழுக்க உயிரோடுதான் இருந்திருக்கும் என்று க்ளென் சொன்னான். இவ்வளவு பக்கத்தில் அது படுத்திருக்க, நான் அவன் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

வசந்தைத் தேடு. நான் சொன்னதைக் கேட்காதே. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே கிளம்பு.

ஸ்ரீதர்

*

பிள்ளைப்பாக்கம்
8.11.1991

தம்பி ஸ்ரீதருக்கு,

அப்பா நலம். வசந்தும் நலம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தீபாவளியன்று காலையில் அப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தாயாரம்மாள் ஞாபகம் வந்தது. ஊரில் நாய் பூனை தவிர எல்லோரும் வசந்தைக் கேட்டார்கள். அவள் மட்டும் கேட்கவில்லை. தெரிந்தவள் எதற்குக் கேட்பாள்? தலையில் அடித்துக்கொண்டேன். எண்ணெய்க் கையோடு சட்டைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கி, டீக்கடைக்குப் பின்னால் மூன்றாவது வீடு. அரை மணி நேரப் பயணம். பதினோரு வாரமாக அவன் இருந்தது அங்கேதான். திண்டாடித் திரிகிறானோ, ரயிலில் விழுந்தானோ என்று நான் கண்டதையும் நினைத்து அழுதேன். அவன் மாரிக்குப் புதுச்சட்டை பட்டனைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தான்.

என்னைப் பார்த்ததும், "இன்னாக்கா, இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா?" என்றான். கோபமாகத்தான் ஆரம்பித்தான். அப்புறம் முடியவில்லை. "பஸ்ஸு சத்தம் கேக்கறப்பல்லாம் ரோட்டாண்ட வந்து நின்னுகினு இருந்தேன்க்கா. நீயாவது எறங்குவேன்னு பார்த்தேன். யாரும் எறங்கல."

தாயாரம்மாளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். அவள் சத்தியத்தை மீறாமல் எனக்கு ஜாடை காட்டத்தான் அன்றைக்கு வந்தாளாம். எனக்குத்தான் புரியவில்லை. வசந்த் செங்கல் சூளையில் கூலிக்குப் போய், வாரம் ஒருநாள் மாரியைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்திருக்கிறான்.

உன் கடிதத்தைக் காட்டினான். அதே சட்டைப்பையில் வைத்திருந்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. ‘கார்டை மாரிதான் கழற்றினான் என்று கேட்கிற இடத்தில் கையெழுத்துப் போடு. போடாவிட்டால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உன்னால் குடும்பம் கெடும். அவனுக்கு எப்படியும் விரல் திரும்பி வரப்போவதில்லை.’ உன் கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது, ஸ்ரீதர். மாரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். நான் அந்த வரியைச் சத்தமாகப் படிக்கவில்லை.

காத்திரு என்று எனக்கு எழுதினாயே. அந்த விதி மானை எடுத்துப்போக வருகிறவனுக்கு எழுதினது. அடிபட்டுப் படுத்திருப்பதற்கு எழுதினதில்லை. நீ ஊரில் இல்லாதபோது உன் பேச்சைக் கேட்ட எனக்குத்தான் புத்தி இல்லை.

வசந்த் வீட்டுக்கு வர மாட்டேன் என்கிறான். விசாரணை முடியட்டும் என்கிறான். அவன் நடந்ததைச் சொல்வான். ஆனால் கழற்றினதை அவன் கண்ணால் பார்க்கவில்லையாம். கம்பெனி பேச்சுக்கு எதிரில் அவன் பேச்சு எவ்வளவு நிற்கும்? யார் கழற்றியது என்று இனிமேல் நான் கேட்க மாட்டேன்.

சசிரேகா

*

மிச்சிகன்
24.11.1991

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. வசந்த் இருக்கிறான் என்று படித்ததும் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அப்பாவுக்கு இருமல் மருந்து வாங்கிக் கொடு.

கார்டைக் கழற்றியது நான்.

மார்ச் மாதம், காலை ஷிப்ட். கார்டு இருந்தால் ஷிப்டுக்குத் தொள்ளாயிரம் பீஸ், இல்லாவிட்டால் ஆயிரத்து முந்நூறு. ஆர்டர் அவசரம் என்று மேலேயிருந்து நெருக்கினார்கள். கழற்று என்று யாரும் வாயால் சொல்லவில்லை. நான்கு போல்ட், ஐந்து நிமிஷ வேலை. கார்டைத் துணியில் சுற்றி டூல்ரூம் அலமாரிக்குப் பின்னால் வைத்தேன், இப்போதும் அங்கேதான் இருக்க வேண்டும். அடுத்த வாரம் என் பெயரை அமெரிக்கா லிஸ்டில் போட்டார்கள். போகிறதற்கு முன்னால் திரும்ப மாட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். மாட்டவில்லை.

மாரி விஷயம் ஜூன் மாதமே எனக்குத் தெரியும். அன்றிலிருந்துதான் இந்த அசதி. வில் பிடித்ததும், மரம் ஏறினதும், உனக்குப் பக்கம் பக்கமாக மானைப் பற்றி எழுதினதும் எல்லாம் இதை எழுதாமல் இருக்கத்தான்.

இங்கே தேதி போட்டு, ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்தோடு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். சாட்சியில் ஒன்று க்ளென். தமிழ் தெரியாது, நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டான். இருபதாம் தேதிக்குள் விசாரணையில் கொடுக்க வேண்டும். இந்தத் தாளை ஒட்டவில்லை. நீ படி, அப்பாவுக்குப் படித்துக் காட்டு, மாரிக்குப் படித்துக் காட்டு. இங்கே மேனேஜரிடமும் சொல்லிவிட்டேன். டிசம்பர் கடைசியிலேயே அனுப்பிவிடுவார்கள். வேலை இருக்காது.

பரணைக் கழற்றிக் க்ளெனிடம் கொடுத்துவிட்டேன்.

தம்பி,
ஸ்ரீதர்

*

ஒரகடம்
12.12.1991

அண்ணனுக்கு,

வசந்த் எழுதுவது. நான் நலம். அப்பாவை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன், இருமல் குறைந்திருக்கிறது. அக்கா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே ஒரு மணி நேரம் திட்டினாள்.

உன் தாளை நேற்று நானும் அக்காவும் போய் விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு ரசீது வாங்கினோம். அலமாரிக்குப் பின்னால் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

கொடுப்பதற்கு முன்னால் மாரிக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னான். நான்கு போல்ட் என்கிற இடத்தில் நிறுத்தச் சொல்லி, "அஞ்சு நிமிசமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். உன்னைத் திட்டுவான் என்று பார்த்தேன், திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

எனக்கு உன் மேல் இருக்கிற கோபம் போகவில்லை. எப்போது போகும் என்று எனக்கே தெரியாது. அதற்காக நீ அங்கேயே எங்கேயாவது தங்கிவிடலாம் என்று நினைக்காதே. வருகிற தேதியையும் விமானத்தையும் எழுது. மீனம்பாக்கத்துக்கு நான் வருகிறேன். உள்ளே விட மாட்டார்களாம், வாசலில் நிற்பேன்.

மாரியும் வருகிறேன் என்கிறான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வசந்தகுமார்